சாத்திவிட்டுப் போகவும்

இரும்புக் கதவில் கம்பியால் கட்டிய பலகை:
சாத்திவிட்டுப் போகவும்.
கீழே, அதே கை கோபத்தில் எழுதியது:
சைக்கிள்காரர்களும்தான்.

டெர்வ்லா சிரித்தாள்.
ஹெல்மெட் வாரிலிருந்து அவள் வாய்க்குள் மழை.
மேயோவின் மேற்கோரம், மார்ச் மாதம்.
காலையிலிருந்து மூன்று மழை பார்த்தாயிற்று:
தூவுவது, சாய்ந்து வருவது,
பள்ளத்திலிருந்து மேல்நோக்கிப் பெய்வது.
மூன்றாவதற்கு இங்கே பெயர் கிடையாது,
கெட்ட வார்த்தைதான்.

ஏறினோம் என்று சொல்லலாம்.
பாதி வழி சைக்கிள்தான் எங்கள் தோளேறி வந்தது.
புல்லென்று மிதித்தால் பஞ்சு,
பஞ்சென்று மிதித்தால் முழங்கால் வரை கறுப்பு.
வெட்டி அடுக்கிய கரிமண் கட்டிகள்
போன வருஷக் கோடையை இன்னும் உலர்த்திக்கொண்டிருந்தன.
உச்சியில் ஒரு கற்குவியல். அதற்கப்பால்
தரை தீர்ந்துபோய், அட்லாண்டிக்.

திணை பிரிப்பவர்கள் இங்கே திணறுவார்கள்.
குறிஞ்சியில் கைநழுவினால் நெய்தலில் விழும்.
நடுவே பதினொரு நிமிடம்,
அதுவும் பிரேக் பிடித்தால்.

இடுப்பைப் பின்னே தள்ளு. ஒரு விரல் மட்டும் பிரேக்கில்.
கல்லைப் பார்க்காதே, கல்லுக்கு அப்பால் பார்.
கண் போகும் இடத்துக்குத்தான் சக்கரம் போகும்.
எல்லாம் தெரியும்.
நான் ஆட்டைப் பார்த்துவிட்டேன்.

ஓடைக்கரையில் வயிறு வரை புதைந்து,
முதுகில் நீலச் சாயக் குறியோடு,
கத்தி ஓய்ந்து நின்றது.
பக்கத்தில் போய் விழுந்தேன்
துக்கம் விசாரிக்க வந்தவன் போல.

கயிறு இல்லை. டெர்வ்லாவின் பையில்
பம்ப், மூன்று பிஸ்கட்,
அவளே வரைந்த வழிப்படம்
(சிவப்புக் கோடு நேராக இந்தச் சேற்றின் மேல்தான் போகிறது),
அப்புறம் இரண்டு ட்யூப்.
முன்னங்கால்களுக்குப் பின்னே ஒன்றைச் செலுத்தி
மற்றதை அதில் முடிந்து
இழுத்தோம். ரப்பர் நீண்டது, ஆடு வரவில்லை.
இன்னும் இழுத்தோம். இன்னும் நீண்டது.
உண்டிவில்லுக்கு நாங்கள் இரண்டு கவை,
அப்படியானால் கல் எது என்று
யோசித்த நொடியில்
சேறு ஒரு முத்தச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

மார்பின் மேல் எழுபது கிலோ ஈரக் கம்பளி.
மிக அருகில் அதன் கண்மணி,
உண்டியல் துளை போலக் கிடைவாட்டில்.
எதைப் போட்டாலும் திருப்பித் தராது.
எழுந்தது, உதறியது, மேயப் போனது.

நாலு சக்கர மோட்டாரில் கான்லெத் வந்தார்.
'அது என் ஆடு இல்லை' என்றார்.
'எனக்குச் சிவப்புக் குறி. நீலம் லாவெல் வீட்டுக்கு.
பதினாறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.'
லாவெலின் ஆட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
கால் சரியாக ஊன்றுகிறதா என்று பார்த்தார்.
பிறகு கேட்டார்:
'கதவைச் சாத்தினீர்களா?'

'சாத்தினோம்' என்றாள் டெர்வ்லா.
'அவள் சாத்தினாள்' என்றேன் நான்,
அதே மூச்சில்.

என் முன்சக்கரத்தில் மஞ்சள் பூத்த முட்புதரின் ஒரு முள்.
ட்யூப் இரண்டும் தொளதொளத்து
யாருடைய குடலோ போலக் கிடந்தன.
வந்த மலையைத் தள்ளிக்கொண்டு திரும்ப ஏறினோம்.
பின்னால் கடல் பெரிதாகிக்கொண்டே வந்தது,
திரும்பிப் பார்க்கும் முகம் எங்களுக்கு இல்லை.

கதவு ஆவென்று கிடந்தது.
ஒரு ஆடு முன்னங்கால் வெளியே, பின்னங்கால் உள்ளே,
அசைபோட்டபடி நின்றது, முடிவெடுக்காமல்.
கான்லெத் எங்களைப் பார்க்காமல் எண்ணினார்.
நாங்களும் உதடசையாமல் எண்ணினோம்.
டெர்வ்லாவுக்கு நாற்பத்தொன்று வந்தது, எனக்கு நாற்பது.
அவருக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை.
வாசலில் நின்றதை முழங்காலால் உள்ளே தள்ளினார்.

இரும்பு சில்லிட்டிருந்தது.
ஒரே கதவை இரண்டு பேரும் சேர்ந்து சாத்தினோம்,
கொக்கியை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தோம்.
அப்போது பள்ளத்திலிருந்து மூன்றாவது மழை வந்தது.
கான்லெத் அதன் பெயரைச் சொன்னார்.