கோடு இருந்த இடம்

சுண்ணாம்பு மூட்டை வரவில்லை.
பஞ்சாயத்தில் கேட்டு வாங்கிய பிளீச்சிங் பவுடரில்தான்
ஒத்தக்கடைப் பள்ளி மைதானத்துக்குக் கோடு போட்டோம்.
முதல் இன்னிங்ஸ் முழுக்க
கேட்சர் தும்மிக்கொண்டே இருந்தாள்.

பேட்டர் நிற்கும் பெட்டி மூன்றடி அகலம்.
பிளேட்டின் நடுவிலிருந்து முன்னால் நாலடி, பின்னால் மூன்றடி.
கோடும் பெட்டியைச் சேர்ந்ததுதான்.
திங்கள் முதல் வெள்ளி வரை நான் சர்வேயர்,
அளவென்றால் எனக்கொரு தைரியம்.
ஞாயிறுகளில் நெஞ்சுக்கவசம் கட்டிக்கொண்டு
இந்தச் சின்னப் பட்டாவுக்குப் பின்னால் குனிகிறேன்.

இரண்டாவது இன்னிங்ஸுக்குள் பின்கோடு போய்விட்டது.
அழிப்பார்கள், தெரியும்.
அரையடி தள்ளி நின்றால்
பந்தைப் பார்க்க ஓர் இமைப்பொழுது கூடக் கிடைக்கும்.
மண்ணைச் சமன்படுத்துவதுபோலக் காலால் தேய்ப்பார்கள்.
நானும் பார்க்காததுபோல முகமூடிக்குள் வியர்த்திருப்பேன்.
நான்காவதில் முன்கோடும் போனது.
அப்புறம் பெட்டி என்பது
நாங்களெல்லாம் சேர்ந்து ஞாபகத்தில் வைத்திருந்த ஒன்று.

ஏழாவது. உசிலம்பட்டி ஆடுகிறது,
சமன்செய்ய ஒரு ரன் வேண்டும்.
ஒரு அவுட். மூன்றாம் பேஸில் ஜெசிந்தா.
ஆட வந்தவள் ஒச்சம்மாள், இடக்கை,
ஓடிக்கொண்டே பந்தைத் தட்டிவிடுகிறவள்.
அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கும்.
அம்பயருக்குப் பிடிக்கக் கூடாது.

மட்டை பந்தைத் தொடும் கணத்தில்
ஒரு பாதம் முழுசாகக் கோட்டைத் தாண்டித்
தரையில் இருந்தால் அவுட்.
குதிகால் நூலளவு கோட்டில் பட்டிருந்தால் இல்லை.
கால் அந்தரத்தில் இருந்தாலும் இல்லை.
இதை எழுதியவருக்கு நாலு கண் இருந்திருக்க வேண்டும்.
என்னுடைய இரண்டும் பந்தின்மேல்.
கால் என்பது ஓரத்தில் ஒரு பழுப்பு அசைவு.

டக்.
பந்து குனிந்தவளின் கையடியில் நழுவி
யானைமலைப் பக்கம் உருள,
கூச்சல், புழுதி,
ஜெசிந்தா பிளேட்டை மிதித்தபோது
என் இரண்டு கைகளும் முன்பே மேலே போயிருந்தன.
"டெட் பால். பேட்டர் அவுட்."
என் குரல்தான்.

வந்த ரன் திரும்பி நடந்து போவதைப் பார்த்திருக்கிறீர்களா.
பாதி வழியில் ஜெசிந்தா குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள்.
அது அவிழ்ந்திருக்கவில்லை.

கோச் தங்கமாயன் வந்தார். கத்தவில்லை.
கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.
"கோடு எங்க மேடம் இருக்கு?"
காட்டினேன். விரல் நடுங்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.
அவர், நான், கேட்சர், மூவரும் பார்த்தோம்.
செம்மண். ஒரு கட்டெறும்பு.
"விதியை நான் தப்பாச் சொன்னா முறையீடு உண்டு சார்.
கண்ணு பார்த்ததுக்குக் கிடையாது."
பேஸ் அம்பயர் சவரிமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன்.
அவர் ரன்னரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்தவள் உயரே தூக்கினாள். பிடித்துவிட்டார்கள்.

எல்லைக்கல் காணாமல் போனால்
மற்ற கற்களிலிருந்து சங்கிலி பிடித்து
அதே இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன்.
போன மாதம் நரசிங்கத்தில்
அண்ணனும் தம்பியும் மூச்சுவிடாமல் பார்த்து நிற்கக்
கொண்டுவந்தேன்.
ஒரு கால் இருந்த இடத்துக்கு
எங்கிருந்து சங்கிலி பிடிப்பது.

தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.
ஒச்சம்மாள் தனியாகத் திரும்பி வந்தாள்.
பிளேட்டின் நடுவிலிருந்து மட்டையைக் கிடத்தினாள்,
அதன் நுனியிலிருந்து ஒன்றரைச் சாண்.
நாலடி. சரியான அளவு.
விரலால் ஒரு கோடு கிழித்தாள்.
இடக்காலை வைத்தாள். எடுத்தாள்.
மறுபடி வைத்துவிட்டு என் பக்கம் நிமிர்ந்தாள்.

இருபதடிதான். போயிருக்கலாம்.
டம்ளரில் தண்ணீர் மிச்சமிருந்தது,
குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஷூவைக் கழற்றித் தட்டினாள்.
வெள்ளையாய் ஏதோ உதிர்ந்தது.
அது அன்றைக்கு எல்லோர் ஷூவிலும் இருந்தது.
என்னுடையதிலும்.
மேலூர் போய்ச் சேரும்வரை
பஸ்ஸில் அந்த வாடை.
பக்கத்து சீட்டு அம்மாள்
ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னாள்.