இரண்டாம் பெயர்

ரூவியில் ஏழாம் மாடி. இரவு ஒன்பதே கால்.
எல்லாக் கம்பெனியும் சம்பளம் போட்ட வியாழன்.
சோஹார் கிளையில் பணம் அனுப்பும் நிரல்
மூன்றாம் முறையாக விழுந்தது.
ஓடுகிற இயந்திரத்தைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி.
விதியை எழுதியவர் விடுப்பில் இருக்கிறார்.

கதவைத் தட்டப் பதினான்கு பைட்.
நான் அனுப்பிய அதே சொல்லை
எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னது.
அவ்வளவுதான் அறிமுகம்.
ஊர் கேட்கவில்லை. விசா நம்பர் கேட்கவில்லை.

அப்புறம் எல்லாம் பொட்டலங்கள்.
ஒவ்வொன்றும் முதலில் தன் நீளத்தைச் சொல்லும்,
பிறகு தன் எண், ஒரு கொடி,
அதற்கும் பிறகுதான் வந்த காரியம்.
பதில் வரிசையில் வரும் என்று கிடையாது:
நாற்பத்தொன்றைக் கேட்டுக் காத்திருந்தேன்,
நாற்பத்திரண்டு முந்திக்கொண்டு வந்தது.
கோபிக்க ஒன்றுமில்லை, எண்ணைப் பார்த்து ஒட்டிக்கொள்ளலாம்.
எங்கள் வீட்டிலும் இப்படியொரு ஏற்பாடு இருந்திருந்தால்
நேற்று அவர் "சரி" என்றது
மார்ச்சில் நான் கேட்ட எதற்கு என்று புரிந்திருக்கும்.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் ஒரு கல்லை வைத்தேன்.
கேட்காமலே அங்கிருந்து ஒரு பொட்டலம்:
இடறிவிட்டது. நிற்கிறேன்.

ஓர் இழையை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.
அவசரத்தில் "எல்லாம்" என்று சொல்லியிருக்கிறேன்.
சோஹார், நிஸ்வா, சலாலா,
இப்ரியில் ரியாலை நீட்டிய கை நீட்டியபடி.
இயந்திரத்துக்குத் தெரியாது,
பாதி மூச்சில் நிறுத்தினாலும் அதற்கு மூச்சு முட்டாது.
நேரம் ஓடுவது வரிசையில் நிற்பவர்களுக்குத்தான்.
போனில் பலூஷி: "சிஸ்டர், முப்பத்தாறு பேர்."

மேல் சட்டகத்தைத் திற. மூன்றாம் இடத்தில் என்ன?
பெயர்: பூவுலிங்கம்.
நான்காம் இடத்தில்?
குடும்பப் பெயர்: எட்டு பைட்.
எட்டும் சுழியம்.

எந்தப் பொருளையும் அது கையில் தராது.
எண்ணைத்தான் தரும், எண்ணைக் காட்டித்தான் மேலே விசாரிக்கலாம்.
சுழியம் என்றால் விசாரிக்க ஆளே இல்லை.

பலூஷி போனை அவரிடம் கொடுத்தான்.
"ஒத்தப் பேருதான் தங்கச்சி, பாஸ்போர்ட்லயும் அப்படித்தான்.
மிசினு என்னத்தக் கேக்குது?"
"உங்க குடும்பத்துப் பேரை."
"குடும்பத்துல அஞ்சு பேரு இருக்கோம்" என்றார்,
"அதுல எந்தப் பேரு?"

எனக்கு விசா அடித்தபோது
காலியாக இருந்த கட்டத்தில் அப்பாவை ஒட்டினார்கள்.
ஒன்பது வருடமாக இந்த ஆபீசில் நான் மிஸஸ் தளவாய்.
தளவாய்க்கு இது தெரியாது, சொல்லவும் இல்லை.

அதனால் அவர் அப்பா பெயரை நான் கேட்கவில்லை.
நீளம் சுழியமாக ஒரு சரம் உண்டாக்கச் சொன்னேன்.
உண்டானது. அதற்கும் ஓர் எண் கிடைத்தது.
இல்லை என்பது வேறு,
இருக்கிறது, உள்ளே எழுத்தில்லை என்பது வேறு.
அந்த எண்ணை நான்காம் இடத்தில் வைத்தேன்.
பதில் வந்தது. பிழை: சுழியம்.
இந்தச் சுழியம் நல்ல சுழியம்.

போ என்றேன்.
போகவில்லை.
பதற்றத்தில் நானும் ஒரு தடவை நில் என்று அழுத்தியிருக்கிறேன்,
அது கணக்கு வைத்திருக்கிறது.
எத்தனை நில்லோ அத்தனை போ.
இன்னொரு போ.

டீயில் ஏடு படிந்துவிட்டது.
"முப்பத்தைந்து" என்றான் பலூஷி.
பின்னால் பூவுலிங்கம் யாரிடமோ
"போயிருச்சாம், போயிருச்சாம்" என்றது கேட்டது.

அறுநூற்றுப் பன்னிரண்டில் கல் அப்படியேதான் இருக்கிறது.
வரிசையில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் இன்னும் எத்தனை பேர்
என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன்.
லைனில் வை என்று
எண்ணப் போயிருக்கிறான்.