எந்தத் தலைப்பில் எழுதுவது

மீன்காரிகள் தெருவில் ஐந்து கடைகளுக்கு
நான்தான் கணக்கு எழுதுகிறேன்.
எந்தக் கடை நடக்கிறது,
எந்தக் கடை நடப்பது போல் நடிக்கிறது,
எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

பிப்ரவரியில் ஐந்து கோப்புகளிலும் ஒரே துண்டுத்தாள்:
நம் சுவர்களை நாமே படிப்போம்.
வியாழன் மாலை. கட்டணம் இல்லை.
கீழே ஐந்து கடைகளின் பெயர், பொடி எழுத்தில்.

ஹார்ட்வேர் அர்மிந்தோ ஆறு மூட்டைச் சுண்ணாம்பு.
தெயோலிந்தா ரொட்டி, அதுவும் அன்றைக்குச் சுட்டது.
சவப்பெட்டிக் கடை குவரெஸ்மா நாற்பது நாற்காலி;
முதுகில் கடைப்பெயர் இருந்ததால்
முதல் வாரம் ஒருவரும் சாய்ந்து உட்காரவில்லை.
காபிக் கடை தன் பின்னறையையும்
அதன் ஒழுகும் கூரையையும்.
பழம்பொருள் கடை வெனான்சியோ
இருபது யூரோ, ரொக்கம்.

வரி அலுவலகம் என்னைத்தான் கேட்கும்:
விளம்பரமா, நன்கொடையா, நட்டமா?

அர்மிந்தோவைக் கேட்டேன்:
உன் கடையில் அதிகம் விற்பது சிமெண்ட்.
சிமெண்ட் பூசாதே என்று சொல்லித்தரும் வகுப்புக்கு
நீயே மூட்டை தூக்குகிறாயே?
காதைச் சொறிந்தான்.
"என் சிமெண்டைப் பூசிய வீடு ஒன்று
போன மழைக்கு முகத்தைக் கழற்றித்
தெருவில் போட்டது.
தினமும் அந்த வழியாகத்தான் கடைக்கு வருகிறேன்."
இதற்கும் தலைப்பு இல்லை. பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

பாடம் எடுத்தவள் இவோன்.
நகராட்சியில் ஓடு ஒட்டுகிறவள், பேச்சு கம்மி.
"சுண்ணாம்பு மூச்சு விடும்" என்றாள்.
"சிமெண்ட் மூச்சை அடைக்கும். உப்பு உள்ளே தங்கும்.
தங்கிய உப்பு ஓட்டைத் தள்ளும்."
அவ்வளவுதான் முதல் வாரம்.
மீதி நேரம் ரொட்டி தின்றோம்.

மூன்றாம் வாரம்,
வீட்டில் இருக்கும் பழைய ஓட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.
கிராசியேட் ஒரு ஷூ பெட்டியைத் திறந்தாள்.
பதினொரு ஓடுகள். நீலம். ஓரத்தில் மஞ்சள் கயிறு.
"சமையலறைக்கு வாங்கினேன். அழகாக இல்லை?"

அழகாகத்தான் இருந்தன.
இரண்டு நாற்காலி தள்ளி பெல்மிரோ எழுந்தார்.
அவர் வீட்டு வாசல் நிலைக்கு மேல்
ஒன்றரை வருடமாய் ஒரு பொக்கை.
அதை எண்ண யாருக்கும் பாடம் வேண்டாம்,
ஐந்து, ஐந்து, ஒன்று.
ஓர் ஓட்டைத் தூக்கி, பின்பக்கம் திருப்பி,
விரலால் தடவினார்.
"எங்கே வாங்கினாய்?"

கிராசியேட் வாயைத் திறக்கவில்லை.
கண் மட்டும் போனது.
கண் போன இடத்தில் வெனான்சியோ
காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.
கூரை ஒழுகும் சத்தம், வாளியில், சொட்டு சொட்டாக.
தெயோலிந்தா, நல்லவள், ரொட்டித் தட்டை நீட்டினாள்.
யாரும் எடுக்கவில்லை.

அவர் திருடவில்லை. அது எனக்குத் தெரியும்,
அவர் கணக்கு என் கையில்.
வண்டியில் வந்த யாரோ விற்றார்கள், வாங்கினார்.
எங்கிருந்து என்று கேட்கவில்லை.
கேட்காததற்கு ரசீது கிடையாது.

ஏப்ரல் கோப்பில் வெனான்சியோவின் துண்டுத்தாள்:
இருநூறு யூரோ, வகுப்புக்கு.
இன்னொன்று, கிராசியேட்டுக்குத் திருப்பிய பணம்.
முதலாவதை விளம்பரம் என்று எழுதினேன்.
போர்ச்சுகல் சட்டத்தில் வெட்கத்துக்குத் தனிப் பத்தி இல்லை.
இரண்டாவதைப் பார்த்துக்கொண்டே
மதியச் சாப்பாட்டை ஆறவிட்டேன்.

மே மாதம் வகுப்பே ஏணி பிடித்தது.
அர்மிந்தோவின் சுண்ணாம்பு. பதினொரு ஓடுகள்.
குவரெஸ்மா கறுப்புக் கோட்டோடு வாளி தூக்கினார்,
பார்த்தவர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நடந்தார்கள்.
கடைசி ஓட்டை நான் ஒட்டினேன்.
மஞ்சள் கயிறு தலைகீழாகப் போய்விட்டது.
கீழே இறங்கிப் பார்ப்பதற்குள் பிடித்துக்கொண்டது.

கழற்றவா என்று இவோனைக் கேட்டேன்.
"உடையும்" என்றாள்.

பெல்மிரோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார்.
பிறகு என்னிடம்,
"உன் கணக்கும் இப்படித்தானா?"