விலைப்புள்ளியோடு இணைக்காத தாள்

திருவாட்டி கோ,
நீங்கள் கேட்டது ஒரே தொப்பி.
நான்கு தலை, ஏழு கொண்டாட்டம்,
தகவல் முகப்பில் நிற்பவர்கள்
வேலை மாறும்போது கைமாற்றிக்கொள்ளவேண்டும்.
ஆறு செய்தேன்.
இரண்டு, கீழே விழுவதற்கு.

அளவெடுக்க நேரில் வந்தேன்.
ரொஹாயா, தூடோங்கின் மேல் ஐம்பத்தொன்பது.
சியூ லிங் முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், ஐம்பத்து நான்கு.
மங்களேஸ்வரி கொண்டையை அவிழ்க்க முடியாது என்றார்,
அவருக்காகப் பின்பக்கம் ஒரு பிறை வெட்டினேன்,
பிறகு எல்லாவற்றிலும் வெட்டினேன்.
வார இறுதியில் மட்டும் வரும் டேரில்
நாடா நெற்றியில் பட்டதும் சிரித்துவிட்டான்.
சிரித்தால் தலை அரை சென்டிமீட்டர் கூடுகிறது.
குறித்துக்கொண்டேன்.

எலாஸ்டிக் நெற்றியில் சிவப்பாய்க் கோடு போட்டது.
வெல்க்ரோ தூடோங்கின் நூலை இழுத்தது.
ரிப்பன் வைத்தேன்;
முடிச்சுப் போட யாருக்கு நேரம்?

அலங்காரம் சுலபம்.
சிம் லிம் டவரில் காந்தம் வாங்கினேன்,
சட்டைப் பொத்தான் அளவு,
தொப்பியைச் சுற்றி ஏழு,
ஒவ்வோர் ஆபரணத்தின் முதுகிலும் ஒன்று.
பிளம் பூ. ரிப்பனில் பின்னிய கெத்துப்பாட்.
ஆகஸ்டுக்கு ஆர்க்கிட்.
விசாக தினத்துக்குத் தாமரை, ஒரே நாள்தான் என்றாலும்
இதழ் இதழாய்த்தான் தைத்தேன்.
தீபாவளிக்கு மயில் வேண்டும் என்று
மூன்று மின்னஞ்சல் போட்டீர்கள்.
மயில் இருக்கிறது.
ஆனால் நேரே பார்க்காது;
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும்.

ஒரு காலை பெட்டியைத் திறந்தால்
கெத்துப்பாட்டும் மயிலும்
முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன.
விளம்பரத்தில் நல்லிணக்கம் என்று போட்டுவிடாதீர்கள்.
வெறும் காந்தம், திருவாட்டி கோ.
ஒன்றைப் புரட்டி வைத்தால் மற்றது நகர்ந்து ஓடும்.
அதனால்தான் எல்லாவற்றிலும்
மேல்பக்கம் எது என்று சிவப்புப் புள்ளி.

இனி, விலைப்பட்டியலில்
‘பின்திருகு, ஆறு, இலவசம்’ என்று இருப்பதைப் பற்றி.

என் வீட்டுக்காரர் நாவரசு
தெங்காவில் கட்டுமானத் தளத்தில் ஸ்டோர் பார்க்கிறார்.
காலாவதியான தலைக்கவசங்கள் ஒரு மூட்டை
குப்பைக்குப் போக இருந்தது.
தலைக்குப் பின்னால் திருகினால்
கிர் கிர் என்று இறுகுமே, அந்தச் சக்கரம்,
ஆறு கழற்றிக் கொண்டுவந்தார்.
டெட்டால் போட்டு இரண்டு முறை கழுவினேன்.
மார்க்கர் மை போகவில்லை.
ஒன்றின் பட்டையில்: சி. வேம்பு.
அடிக்கோடிட்டு: எடுக்காதே.

எடுத்துவிட்டேன்.
ஆளைக் கேட்கச் சொன்னேன்.
புதுசு கொடுத்துவிட்டார்கள், வைத்துக்கொள்ளட்டும்,
பதினோராம் பல்லில் நிறுத்தினால் சரியாக இருக்கும்
என்றாராம்.

அந்தத் தொப்பி மட்டும் எங்கே நிறுத்தினாலும்
மதியத்துக்குள் பதினொன்றுக்கு நழுவுகிறது.
பல் தேய்ந்திருக்கிறது.
சியூ லிங்குக்குப் புருவத்தை மூடுகிறது.
ரொஹாயாவுக்கு, தூடோங்கோடு,
தைத்து வைத்ததுபோல்.
கோளாறு என்று திருப்பி அனுப்பவேண்டாம்,
காலை வேலைக்கு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.
பட்டையை ஃபெல்ட் வைத்து மூடியிருக்கிறேன்.
எழுத்து உள்ளே இருக்கிறது.

கடைசியாக, பண்டிகை இல்லாத நாட்களுக்கு
எதை மாட்டுவது என்று கேட்டிருந்தீர்கள்.
எதையும் வடிவமைக்கவில்லை.
வெறும் சாம்பல் ஃபெல்ட் போதும் என்று நினைத்தேன்.
நேற்று சோதனைத் தொப்பியைப் பார்க்க வந்தால்
மங்களேஸ்வரியின் இடது காதுக்கு மேலே
மஞ்சள் வாத்து.
ஏதோ ஒரு குழந்தையின் இரும்புக் கிளிப்,
எஸ்கலேட்டர் அடியில் கிடைத்ததாம்.
இழுப்பறையில் வைத்தால் யார் கண்ணில் படும் என்றார்,
ஒரு வழிகேட்டவருக்குக் கழிவறைப் பக்கம்
கைகாட்டியபடியே.

மூன்று நாளாகிறதாம். யாரும் வரவில்லை.
வாத்துக்கு நான் விலை போடவில்லை.