பதினாலுக்குப் பதினஞ்சு

குரல்தான் எனக்குக் கூலி.
முதுநகர் துறைமுகத்தில் விடிகாலை மூன்றரைக்கு
ஐஸ் உருகும் சிமெண்டுத் தரையில் நின்று
கூடைக்கு விலை ஏற்றுகிறவள் நான்.
அந்தக் குரலை
மாசிமகத்துக்கு மறுநாள் ராத்திரி
தேவனாம்பட்டினத்து மணலில்
ஒரு பந்துக்காக இறைத்துவிட்டு வந்தேன்.

என் பிள்ளை ஆடவில்லை.
என் கூடப்பிறந்தவன் ஆடவில்லை.
ஆடுகிற ஆறு பேரில் ஒருவன்
எனக்கு எழுநூறு ரூபாய் பாக்கி.
ஆனாலும் சிங்காரத்தோப்பு சட்டை போட்டு
அவன் எம்பும்போது
என் குதிகால் மணலை விட்டுக் கிளம்புகிறது.
வீட்டுக்காரரிடம் இதை விளக்கப் பார்த்தேன்.
"எழுநூறு வாங்கினியா?" என்றார்.

பழைய நண்டுவலையைத்தான் நடுவில் கட்டியிருந்தார்கள்.
போகஸ் விளக்கு நான்கு, இருமுகிற ஜெனரேட்டர் ஒன்று.
நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை
ஆட்டத்தைவிட வேகமாக
மைக்கில் ஒரு பையன் வாசித்துக்கொண்டிருந்தான்.
சுண்ணாம்புக் கோடு
இரண்டாம் செட்டிலேயே கால்களோடு போய்விட்டது.
ஐந்தாவது செட்டில் கோடு என்பது
சுற்றி நின்றவர்களின் ஞாபகம்.

மூலையில், கவிழ்த்த ஐஸ் பெட்டி மேல் நான்.
எதிரே ராசாப்பேட்டைக் கூட்டம்.
முன்வரிசையில் தனபாக்கியம்,
தினமும் என்னிடம் மீன் எடுக்கிறவள்,
அன்றைக்கு யாரோ.

பதினாலுக்குப் பதினஞ்சு. அவர்கள் முன்னால்.
இடதுகைக்காரன் எம்பி அடித்தான்.
பூவராகன் பாய்ந்தான், கை எட்டவில்லை.
பந்து என் கால்மாட்டில் விழுந்து
மணலைக் கிள்ளிக்கொண்டு
கடல் பக்கம் உருண்டது.

கோட்டு நடுவருக்குக் கண்ணில் மணல்.
பெரிய நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்து
என்னைப் பார்த்தார்.
நானூறு பேரும் பார்த்தார்கள்.
"அம்மா, நீங்கதான் கிட்ட இருந்தீங்க. உள்ளயா, வெளியவா?"

யோசிக்கவில்லை.
வாய் தானாகத் திறந்தது.
வெளியே!
ஒரு முழம் வெளியே! கெங்கையம்மன் மேல ஆணை!
சத்தியமாக, அப்போது எனக்கு அது வெளியேதான்.
என் இரண்டு கண்ணும்
சிங்காரத்தோப்பு சட்டை போட்டிருந்தன.

பதினஞ்சுக்குப் பதினஞ்சு.
எங்கள் பக்கம் தகர டின் கிழிந்தது.
சர்வீஸ், பாக்கிக்கார அமுதரசன்.
பந்தைத் துடைத்தான், முத்தமிட்டான்,
தூக்கிப் போட்டான்,
அம்மன் பெயரில் நான் வாங்கிக் கொடுத்த புள்ளியை
நேராக நண்டுவலையில் அடித்தான்.
அடுத்த பந்தை இரண்டு பேர்
"உனக்கு", "உனக்கு" என்று
மரியாதையாக நடுவில் விழவிட்டார்கள்.
பதினஞ்சுக்குப் பதினேழு.
தோற்க எத்தனை வழி இருக்கிறதென்று
எங்கள் பையன்களைத்தான் கேட்க வேண்டும்.

வந்து படுத்தேன்.
கண்ணை மூடினால் பந்து விழுகிறது.
முதல் தடவை கோட்டுக்கு வெளியே.
கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டின் மேல்.
மூன்று மணிக்கு அலாரம் அடித்தபோது
நடு மைதானத்தில் விழுந்துகொண்டிருந்தது.

துறைமுகத்தில் வாயைத் திறந்தால்
வெறும் காற்று.
பன்னிரண்டு கூடை சங்கராவை
விரலால் ஏலம் விட்டேன்.
படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.
விரல் எவ்வளவு உயர்ந்தாலும்
யாருக்கும் அவசரம் வரவில்லை.

தனபாக்கியம் வந்தாள்.
கோப்பை ஜெயித்த ஊர், ஏதாவது சொல்லுவாள் என்று
இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.
வாயைத் திறந்தாள்.
கீச்சென்று ஒன்று கிளம்பி
பாதியில் நின்றது.
அவளுக்கும் இல்லை.

அவள் விரல் காட்ட, நான் விரல் காட்ட,
விலை படிந்தது.
பணத்தை எண்ணிக் கொடுத்தவள்
போகவில்லை.
செதில் மிதக்கும் ஈரத் தரையில்
கால் கட்டைவிரலால் ஒரு கோடு கிழித்தாள்.
சிதறிக் கிடந்த காரப்பொடி ஒன்றைக் குனிந்து எடுத்து
கோட்டின் மேல் வைத்து
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நானும் பார்த்தேன்.
சுற்றிலும் லாரி, கூடை, தண்ணீர்;
நடுவர் யாரும் இல்லை.
செருப்பு நுனியால், மெதுவாக,
அதை வெளியே தள்ளினேன்.