பதினைந்து விநாடி

மூன்று மணி வரைக்கும் ஐஸில் கிடந்த விரல்கள் இவை.
காசிமேட்டு ஷெட்டில் இருபத்திரண்டு கிலோ இறால்,
தலை கிள்ளி, ஓடு உரித்து, குடல்நூலை உருவி.
மணி ஏழாகிவிட்டது. இன்னும் இவை
என்னுடையவை ஆகவில்லை.

மன்றத்து வாசல் கடையில் இரண்டு டீ வாங்குவேன்,
ஒன்று குடிக்க,
ஒன்று பிடித்துக்கொண்டிருக்க.
"ஆறிப்போச்சேக்கா, வேற போடட்டா?" என்றான்
கடைப்பையன், வேலைக்குச் சேர்ந்த புதிதில்.
இப்போது கேட்பதில்லை.
கிளாஸின் சூட்டில் கட்டைவிரல் முதலில் வரும்,
பிறகு ஒவ்வொன்றாய். சுண்டுவிரல் எப்போதும் லேட்.
ஆள்காட்டியில் இறால் மூக்குமுள் குத்திய இடம்,
ஸ்ட்ரைக்கர் தொடுகிற அதே இடம்.
அங்கே மட்டும் சூடு வலியாகத்தான் வரும்.

சுவரைச் சுண்டுவேன் பத்துத் தரம், சுண்ணாம்பு உதிர.
"செவுரு இன்னாடி தப்பு பண்ணுச்சு?"
என்பாள் செலஸ்டின்.

உள்ளே தகரக் குடைக்கடியில் குண்டு பல்பு,
போர்டின் மேல் மட்டும் ஒரு சின்ன மத்தியானம்.
கடல்காற்றில் ஈரம் குடித்திருக்கிறது பலகை.
பவுடர் ஒரு சிட்டிகை கூடினால் காய் ஊர்சுற்றப் போகும்,
குறைந்தால் பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும்.

இருபத்துநாலுக்கு இருபத்துநாலு.
சிவப்பை மும்தாஜ் அப்போதே எடுத்துவிட்டாள்.
அவளுக்கு மிச்சம் ஒரு கறுப்பு, குழியின் உதட்டில்.
தும்மினால் விழும்.
எனக்கு ஒரு வெள்ளை, என் பக்கத்துச் சட்டத்தை ஒட்டி,
கைக்குக் கீழே, நேராக அடிக்க வழியில்லாமல்.
எதிர்ச்சட்டத்தில் முட்டித் திரும்பி வந்துதான் எடுக்கவேண்டும்.

நடுவர் ஏசுபாதம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
பதினைந்து விநாடி அவர் முகத்தில் ஓடுகிறது.

"காய் விழுவதை முதலில் மனசில் பாருங்கள்."
மாவட்ட முகாமில் சொன்னார்கள், நோட்டில் எழுதிக்கொண்டேன்.
கண்ணை மூடினால் எனக்கு விழுந்த காய் வருவதேயில்லை.
போன மாதம் திருவொற்றியூரில்
குழிவாய் வரை போய், எட்டிப் பார்த்து,
நின்றுவிட்ட காய்தான் வரும்.
முன்பெல்லாம் விரட்டுவேன்.
விரட்ட விரட்ட வாலாட்டிக்கொண்டு வரும்.
இப்போது ஒருமுறை இடம் கொடுக்கிறேன்.
வா, உட்கார்.
வேகம் கொஞ்சம் குறைவு. முழங்கை கொஞ்சம் உள்ளே.
கூட்டம் "அய்யோ" என்றது.
பஸ்ஸில் யாரோடும் பேசவில்லை.
அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை.
அதற்கு மேல் அதற்கும் சொல்ல ஒன்றுமில்லை,
எழுந்து போய்விடுகிறது.

மீதி ஒன்பது.

கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டி.
முதலில் ஜன்னல் கம்பிக்குத் தெரியும், பிறகு ஸ்டூலுக்கு,
பிறகு போர்டுக்கு.
மும்தாஜின் கறுப்பு நடுங்குகிறது.
ஏசுபாதம் கை தூக்கி நேரத்தை நிறுத்துகிறார்.
ரூல் புத்தகத்தில் அப்படியில்லை. எங்கள் பேட்டையில் உண்டு.

எத்தனை பெட்டியோ, எண்ணவில்லை.
மும்தாஜ் தன் காயைப் பார்க்கிறாள், நான் அவள் மடியைப் பார்க்கிறேன்:
துப்பட்டாவுக்குள் அவள் விரல்கள்
சத்தமில்லாமல் சுண்டிக்கொண்டிருக்கின்றன,
வராமலே போகக்கூடிய ஒரு முறைக்காக.

அதற்குள் என் விரல் ஆறத் தொடங்கிவிட்டது.
கழுத்தோரம் வைத்துக்கொள்கிறேன்.
நாடி அங்கே வண்டியைவிட வேகமாக ஓடுகிறது.
அடங்கட்டும் என்று காத்திருந்தால் அடங்காது.
இந்த வேகத்தோடேயே ஆடவேண்டியதுதான்.

கடைசிப் பெட்டி. கம்பி ஓய்ந்தது. ஸ்டூல் ஓய்ந்தது.
ஏசுபாதத்தின் கை இறங்குகிறது.

ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து
அரை நூல் இடப்பக்கம் தள்ளுகிறேன்.
வெள்ளையைப் பார்க்கவில்லை.
எதிர்ச்சட்டத்தில் யாரோ ஆணியால் கிழித்த கீறல்,
அதைத்தான் பார்க்கிறேன்.
நகத்தடியில் இறால் வாசம்.
நகம் படாமல் சதை மட்டும் தொட,
அந்த இடம் வலிக்கிறது.

சரி, விரல் வந்துவிட்டது.

விடுகிறேன்.