மூன்றாம் நம்பர்

லாபிஸ் டவுனில் எங்கள் சேவைச் சங்கம்
மேல்மாடியில். கீழே ஆ லோயின்
மோட்டார் சாமான் கடை.
படியேறினால் கிரீஸ் வாசமும் கூடவே ஏறும்.
இரவல் கொடுக்க ஆறு சக்கர நாற்காலிகள்
வைத்திருக்கிறோம், நடக்க முடியாதவர்களுக்கு,
இருபத்திரண்டு படிக்கு மேலே.

சிரிக்க வேண்டாம். கீழ்வாடகை கட்டுப்படியாகாது.
கணக்கு என்னிடம்தான் இருக்கிறது.

செயலாளர் பதவி ஒரே ஓட்டில்
கைமாறியதிலிருந்து
பெத்தபெருமாளும் சூசைராஜும் பேசுவதில்லை.
இவர் முன்மொழிந்தால்
அவர் கோப்பியை ஊதிக்கொண்டிருப்பார்.

நேற்று நல்ல மழை.
செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்த
வங்காளதேசத்துப் பையன் ரஃபிக்குலுக்கு
மூன்றாம் நம்பர் நாற்காலி.
தூக்க இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.
குறுகல் படி. கீழே பிடிப்பவர்
பின்பக்கமாகவே இறங்க வேண்டும்.

“ம்” என்றார் சூசைராஜ்.
“ம்.”
திருப்பத்தில் சக்கரம் சுவரை உரச,
“பாத்து, பெத்து, ஈரம்.”
எட்டு மாதத்தில் முதல் மூன்று சொல்.
காதில் விழாதவள் போல
இரவல் புத்தகத்தில் தேதி எழுதினேன்.

வேன் முன்சீட்டில் இருவருக்கும் நடுவே
ஒரு மழைக்கோட்டு மட்டும்
உட்கார்ந்து போனது.

கடைக்குப் பின்னால் இடம் சும்மாதான் கிடக்கு,
காசு வேண்டாம், கீழேயே வைங்க
என்கிறார் ஆ லோய்.
வியாழக்கிழமைக் கூட்டத்தில்
இதைச் சேர்க்க வேண்டும்.
நிகழ்ச்சி நிரல் மேசையில் இருக்கிறது.
பேனாவும் எழுதுகிறது.

இந்த வியாழன் வேண்டாம்.